எஸ்பிரெசோ கெட்டியாக இறங்க வேண்டுமென்றால்

வெந்நீரை அழுத்தத்தோடு தூளில் செலுத்திக் காபி இறக்கும் எஸ்பிரெசோ இயந்திரத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, காபி சப்பென்று இருக்கிறது என்பதுதான். தனியாகக் குடித்தால் நீர்த்துப்போய்த் தெரிகிறது; பால் சேர்த்தாலோ காபி இருக்கும் இடமே தெரியாமல் போய்விடுகிறது. இதற்குப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழிகள் மூன்று: பொத்தானை இன்னொரு முறை அழுத்தி அதே தூளில் இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஓடவிடுவது, இன்னும் கருக வறுத்த கொட்டையை வாங்குவது, அல்லது அழுத்தம் அதிகமுள்ள வேறொரு இயந்திரத்தைத் தேடுவது. முதல் இரண்டும் காபியைக் கசப்பாக்குமே தவிரக் கெட்டியாக்குவதில்லை. மூன்றாவதால் பணம்தான் செலவாகும். இப்போது கையில் இருக்கும் அதே இயந்திரத்தில், அதே கொட்டையிலிருந்து, இன்னும் அடர்த்தியான காபியை எடுக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. கோப்பைக்குள் குறைவாக இறக்க வேண்டும், அப்படிக் குறைவாக இறங்குவதற்குள் சாரம் முழுமையாக வரும்படி அரவையை நுணுக்க வேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை நிற்பவை.

இதை யார் சொல்லியும் நம்ப வேண்டியதில்லை, நாக்கே சொல்லிவிடும். மூன்று சிறிய கோப்பைகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஷாட்டை, அதாவது ஒருமுறை இறக்கும் காபியை, மூன்றாகப் பிரித்துப் பிடித்துப் பாருங்கள். முதல் சொட்டு விழுந்ததிலிருந்து ஏறத்தாழ 8 விநாடிகளுக்கு ஒருமுறை கோப்பையை மாற்றினால் போதும். முதல் கோப்பையில் விழுவது கருஞ்சிவப்பாக, பாகு போல, கோப்பையைச் சாய்த்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிவதாக இருக்கும். அதைத் தனியாகக் குடித்தால் புளிப்பும் உப்புச் சாயலும் நாக்கைச் சுண்டும். இரண்டாவது கோப்பையில் நிறம் பழுப்பாக இளகியிருக்கும், இனிப்பும் மணமும் அதில்தான் தெளிவாகத் தெரியும். மூன்றாவதில் விழுவது வெளிறிய மஞ்சள் நீர். அதில் கசப்பும் ஒருவித உலர்ந்த துவர்ப்பும் மட்டுமே மிஞ்சியிருக்கும், கெட்டித்தன்மை என்று எதுவும் இராது. இப்போது முதல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு வாய் குடித்துவிட்டு, அதனுடன் மூன்றாவதையும் ஊற்றி மறுபடி குடித்துப் பாருங்கள். பொத்தானை நீட்டி அழுத்துவதால் நாம் கோப்பையில் எதைச் சேர்க்கிறோம் என்பது அந்த இரண்டாவது வாயில் விளங்கிவிடும்.

கணக்காகப் பார்த்தாலும் இதுவேதான். வறுத்த காபிக் கொட்டையின் எடையில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 சதவீதம். கொட்டையின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கோப்பைக்கு வந்தால் சுவை சமநிலையாக இருக்கும் என்பது காபித் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி இறக்கினால், அதாவது ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில், 20 சதவீதம் கரைந்ததாகக் கொண்டால் 3.6 கிராம் சாரம் கிடைக்கும். கோப்பையில் உள்ளதில் அது 10 சதவீதம். அதே தூளில் 54 கிராம் இறக்கினால், 22 சதவீதமே கரைந்தாலும், சாரம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கோப்பையில் அதன் பங்கு 7 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். பாதி அளவு தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து, பத்தில் ஒரு பங்கு சாரத்தைத்தான் கூடுதலாகப் பெற்றிருக்கிறோம், அதுவும் கசப்பான சாரத்தை. மாறாக 27 கிராமில் நிறுத்தினால், 17 சதவீதமே கரைந்திருந்தாலும் கோப்பையில் சாரத்தின் பங்கு 11 சதவீதத்தைத் தாண்டிவிடும். காகித வடிகட்டியில் வடிக்கும் காபியில் இந்தப் பங்கு ஒன்றே கால், ஒன்றரை சதவீதம்தான் என்பதை நினைத்தால், எஸ்பிரெசோவில் ஓரிரு சதவீதம் ஏறி இறங்குவது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது புரியும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய பொருள் 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு. கண்ணால் அளவு பார்ப்பது எஸ்பிரெசோவில் உதவாது, ஏனென்றால் மேலே நிற்கும் கிரீமா என்ற நுரை நம்மை ஏமாற்றிவிடும். புதிய கொட்டையில் பாதிக் கோப்பை நுரையாகவே இருக்கும், பழைய கொட்டையில் அதே உயரத்துக்கு முழுக்கக் காபியாக நிற்கும். தொழிற்சாலையில் அமைத்து அனுப்பப்படும் ஒற்றை, இரட்டை பொத்தான்களையும் நம்பி இருக்க வேண்டாம். பல இயந்திரங்களில் அந்த அளவு, பாஸ்கெட் எனப்படும் துளையிட்ட சிறு கிண்ணத்தில் உள்ள தூளுக்குத் தகுந்ததைவிடத் தாராளமாக இருக்கிறது. அநேகமாக எல்லா இயந்திரங்களிலும் அந்த அளவை மாற்றி அமைக்க முடியும், அல்லது நாமே தொடங்கி நாமே நிறுத்தும் வசதி இருக்கும். கோப்பையைத் தராசின் மேல் வைத்து, வேண்டிய எடைக்கு இரண்டு மூன்று கிராம் முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். கடைசியாகச் சொட்டுவது அதை நிறைவு செய்துவிடும்.

ஆனால் அளவை மட்டும் குறைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் காபி கெட்டியாக இருக்கும், கூடவே சுள்ளென்று புளிக்கும். மேலே சொன்ன முதல் கோப்பையின் சுவைதான் அது. குறைவான தண்ணீர் அதே அளவு சாரத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால், தூள் நுணுக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் படும் பரப்பும் கூடும், ஓட்டமும் மெதுவாகும். 18 கிராம் தூளில் 36 கிராம் இறங்க 25 முதல் 30 விநாடி ஆகும் அரவை உங்களிடம் இருந்தால், 27 கிராமுக்குக் குறைக்கும்போது அதே நேரத்திலோ சற்றுக் கூடுதலாகவோ இறங்கும்படி அரவையை ஓரிரு புள்ளி நுணுக்குங்கள். புளிப்பு அடங்கி, நடுவில் ஒரு கனமும் இனிப்பும் தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். விநாடிக் கணக்கைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 35 விநாடியில் இறங்கி அருமையாக இருக்கும் காபியைக் கடிகாரத்துக்காகக் கெடுப்பதில் பொருளில்லை.

இந்த இடத்தில்தான் பலருடைய முயற்சி முட்டி நிற்கிறது, ஏனென்றால் அரவையை மாற்றினாலும் கோப்பையில் எதுவும் மாறுவதில்லை. காரணம் பாஸ்கெட்டில் இருக்கிறது. வீட்டு இயந்திரங்கள் பலவற்றோடு வரும் பாஸ்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: உள்ளே நூற்றுக்கணக்கான துளைகள் தெரிந்தாலும், வெளிப்புறம் ஒரே ஒரு குண்டூசித் துளைதான் இருக்கும். இது இரட்டைச் சுவர் பாஸ்கெட். இதில் அழுத்தத்தை உண்டாக்குவது தூள் அல்ல, அந்த ஒற்றைத் துளைதான். பாக்கெட்டில் வரும் கொரகொரப்பான தூளைப் போட்டாலும் பார்வைக்கு நுரையோடு ஏதோ ஒன்று இறங்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த நுரை சில விநாடிகளில் பெரிய குமிழிகளாக உடைந்து மறைந்துவிடும், அடியில் நிற்பது மெல்லிய காபிதான். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறினால் இந்த முகமூடி விலகிவிடும். அதே பாக்கெட் தூளை அதில் போட்டால் 10 விநாடிக்குள் தண்ணீராகக் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பாஸ்கெட் சரியில்லை என்று எண்ணிவிடக் கூடாது, தூள் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஆகவே பணம் செலவழிக்க வேண்டிய இடம் கிரைண்டர். இயந்திரத்துக்கும் கிரைண்டருக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கியிருப்பவர்களிடம், இயந்திரத்தில் குறைத்தாலும் கிரைண்டரில் குறைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சுழலும் கத்தி கொண்ட மிக்ஸி வகை அரவை இதற்கு ஒருபோதும் உதவாது. ஒரு பகுதி மாவாகவும் ஒரு பகுதி குருணையாகவும் இருக்கும், மாவிலிருந்து கசப்பும் குருணையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பையில் வந்து சேரும். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கி அரைக்கும் கிரைண்டர்தான் வேண்டும். அதிலும் எஸ்பிரெசோ எல்லைக்குள் மிகச் சிறு படிகளாக மாற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கான சில கிரைண்டர்களில் ஒரு படி நகர்த்தினாலே ஷாட் 18 விநாடியிலிருந்து 40 விநாடிக்குத் தாவிவிடும், நடுவில் நிற்க இடமே இல்லை. கையால் சுற்றும் நல்ல கிரைண்டர்கள் இந்த வேலையை மின்சாரக் கிரைண்டருக்கு இணையாகச் செய்கின்றன. கொஞ்சம் தோள் வலு வேண்டும், அவ்வளவுதான்.

தூளின் அளவைக் கூட்டினாலும் காபி அடர்த்தியாகும், ஆனால் அதற்கு எல்லை பாஸ்கெட்தான். 14 கிராம், 18 கிராம், 20 கிராம் என்று அளவிட்டே பாஸ்கெட்டுகள் செய்யப்படுகின்றன. ஒரு கிராம் கூடுவதையோ குறைவதையோ அவை தாங்கும். அதற்கு மேல் அடைத்தால், நனைந்து உப்பும் தூளுக்கு இடமில்லாமல் மேலே உள்ள சல்லடையில் போய் முட்டி, தண்ணீர் சீராகப் பரவுவது கெட்டுப்போகும். அமுக்கிய தூளின் மேல் மெல்லிய நாணயம் ஒன்றை வைத்து, பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைப் பூட்டிக் கழற்றிப் பார்த்தால், நாணயம் தூளுக்குள் பதிந்திருக்கிறதா என்பதிலிருந்து இடைவெளி போதுமா என்று தெரிந்துவிடும். 14 கிராம் பாஸ்கெட்டில் தவித்துக்கொண்டிருப்பவர்கள், தங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துமானால் 18 கிராம் பாஸ்கெட் வாங்குவது நல்லது. குறிப்பாகப் பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு அந்த 4 கிராம் நன்றாகவே தெரியும்.

தூளைப் போட்டபின் செய்ய வேண்டியது சிறிதளவே, ஆனால் அதைத் தவறவிட்டால் நுண்ணிய அரவையின் பயன் முழுவதும் போய்விடும். அழுத்தத்தில் வரும் தண்ணீர் எங்கே தூள் தளர்வாக இருக்கிறதோ அந்த வழியாகவே பாய்ந்து வெளியேறும். அந்த ஒரு கால்வாயைச் சுற்றியுள்ள தூள் சாரம் தீர்ந்து கசக்கும், மற்றப் பகுதி ஏறக்குறைய உலர்ந்தே கிடக்கும். கோப்பையில் ஒரே நேரத்தில் கசப்பும் புளிப்பும் இருந்து, கனமே இல்லாமல் காபி நீர்த்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெல்லிய ஊசிகள் கொண்ட கருவியால் அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்து, தட்டிச் சமன்படுத்தி, தூளை அமுக்கும் டாம்பரை நேராக வைத்து ஒருமுறை அமுக்கினால் போதும். எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்பது பற்றி நிறைய வாதம் நடக்கிறது. தூள் இறுகி நின்றுவிட்டபின் கூடுதல் பலத்தால் பயனில்லை. மேற்பரப்பு சாயாமல் இருப்பதுதான் முக்கியம்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு சொல். பெட்டியின் மேல் 15 பார், 20 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று அச்சிட்டிருப்பது பம்பு எட்டக்கூடிய உச்ச அளவு. காபியின் மேல் தேவைப்படுவது ஏறத்தாழ 9 பார்தான். 1901இல் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்ற இத்தாலிய இயந்திரம் நீராவியின் அழுத்தத்தால் இயங்கியது. அதில் 2 பாரை எட்டுவதே அரிது, இன்று நாம் கிரீமா என்று சொல்லும் அடுக்கு அதில் இல்லை. அகிலே காஜியாவின் நெம்புகோல் இயந்திரங்கள் 1948இல் சந்தைக்கு வந்தபோதுதான் அந்தத் தடித்த பொன்னிற அடுக்கு காபியின் மேல் நின்றது. 1961இல் வந்த ஃபாயேமா இ61 மின்பம்பைக் கொண்டு 9 பார் அழுத்தத்தைச் சீராகத் தந்தது, அந்த அளவே இன்றுவரை வழக்கமாக நிலைத்துவிட்டது. அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் தூள் மிதமிஞ்சி இறுகி, முன்பு சொன்ன கால்வாய்கள் உண்டாவதற்குத்தான் வழி பிறக்கும். ஆகவே கெட்டியான காபிக்காகப் பார் எண்ணைப் பார்த்து இயந்திரம் வாங்க வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது. தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் தூளைத் தொட வேண்டும். சிறிய இயந்திரங்கள் அரை நிமிடத்தில் தயார் என்று விளக்கைக் காட்டிவிடும். ஆனால் சூடாகியிருப்பது உள்ளே ஓடும் தண்ணீர் மட்டும்தான், கனமான போர்ட்டாஃபில்டரும் அது பூட்டும் இடமும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த உலோகம் முதல் சில விநாடிகளில் உறிஞ்சும் வெப்பமே, காபி புளித்து மெலிந்து போவதற்குப் போதுமான காரணம். தூள் போடாத பாஸ்கெட்டோடு போர்ட்டாஃபில்டரைப் பூட்டி, கோப்பையை அடியில் வைத்து, ஒரு ஷாட் அளவு வெந்நீரை ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாகச் சூடேறிவிடும். பிறகு பாஸ்கெட்டை ஈரமின்றித் துடைத்துவிட்டுத் தூளைப் போடலாம். வெப்பத்தை மாற்றும் வசதி இருந்தால், கருக வறுத்த கொட்டைக்குக் கீழ் எல்லையையும் இளவறுவலுக்கு மேல் எல்லையையும் வையுங்கள்.

கொட்டைக்கு வருகிறேன். கெட்டியான காபி வேண்டுபவர்களுக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்ட வறுவல் பொருத்தம். இளவறுவல் கொட்டை அடர்ந்து கடினமாக இருப்பதால் சாரத்தை எளிதில் விடாது. அதைக் குறைந்த அளவில் இறக்குவது வீட்டு இயந்திரத்தில் கடினம். மிகக் கருகியது சாரத்தை உடனே விட்டுவிடும், ஆனால் அதில் கரியின் கசப்பைத் தவிர வேறு சுவை மிஞ்சுவதில்லை. அராபிகா வகைக் கொட்டையோடு ஐந்தில் ஒரு பங்கு ரோபஸ்டா வகையைக் கலந்தால் கோப்பையில் கனமும் கிரீமாவும் உடனே கூடும். ரோபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பால் சேர்க்கும் காபிக்கு இந்தக் கலவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரோபஸ்டா என்றாலே மட்டம் என்ற எண்ணம் நல்ல ரோபஸ்டாவைக் குடித்துப் பார்க்காததால் வருவது.

எந்தக் கொட்டையானாலும், பாக்கெட்டில் பார்க்க வேண்டியது வறுத்த தேதியை. வறுத்தவுடன் கொட்டைக்குள் நிறையக் கரியமில வாயு அடைபட்டிருக்கும். அது கொஞ்சம் வெளியேறட்டும் என்று ஒரு வாரமாவது காத்திருந்து, ஐந்தாறு வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வாயு முழுவதும் போய்விட்ட பழைய கொட்டையில் எவ்வளவு நுணுக்கமாக அரைத்தாலும் ஓட்டம் நிற்காது, கிரீமாவும் மெல்லிய படலமாகத்தான் இருக்கும். தூளாக வாங்கினால் இந்த இழப்பு வாரக் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் நடக்கும்.

பால் சேர்ப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. நீராவியால் பாலைச் சூடாக்கும்போது அந்த நீராவி தண்ணீராகிப் பாலோடு கலந்துவிடுகிறது. குளிர்ந்த பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவருவதற்குள் ஏறத்தாழ பாலின் பத்தில் ஒரு பங்கு எடைக்குத் தண்ணீர் சேர்ந்துவிடும். இதைத் தவிர்க்க முடியாது; ஆனால் குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பாலில் பாய்ச்சுவதைத் தவிர்க்கலாம். குழாயைப் பாலுக்குள் விடுவதற்கு முன், சொட்டுச் சொட்டாக வருவது நின்று உலர்ந்த ஆவியாகச் சீறும்வரை வெளியே திறந்துவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். அதைத் தாண்டினால் பாலின் இயல்பான இனிப்பு மங்கி, காய்ச்சிய வாடை வந்து காபியை மூடிவிடும். கொழுப்பு நீக்காத பாலே கோப்பைக்குக் கனம் தரும். எல்லாவற்றையும்விட முக்கியம் பாலின் அளவு: 18 கிராம் தூளில் இறக்கிய ஷாட்டுக்கு 120 மில்லி பால் என்றால் காபி முன்னே நிற்கும், 200 மில்லி என்றால் பின்னே போய்விடும். பெரிய கோப்பைதான் வேண்டுமென்றால், இரண்டு ஷாட் இறக்குவதே நேர்மையான வழி.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாது உப்பு முற்றிலும் நீங்கிய தண்ணீரில் காபி தட்டையாகவே இருக்கும். உப்பு மிகுந்தால் இயந்திரத்துக்குள் சுண்ணாம்பு படியும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்பு உள்ள தண்ணீர் இரண்டுக்கும் நல்லது. தண்ணீர் வந்து விழும் சல்லடையைத் தினமும் துடைப்பதும், அதன் பின்னால் ஒட்டும் காபி எண்ணெயை அவ்வப்போது கழற்றித் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். அந்தப் பழைய எண்ணெயின் காறல், எவ்வளவு நல்ல கொட்டையிலும் ஏறிவிடும்.

புதிய கொட்டை வாங்கும்போது இத்தனையையும் ஒன்றாக மாற்றப் புகுந்தால் எதனால் என்ன நேர்ந்தது என்பது தெரியாமல் போகும். தூளின் எடையையும் இறக்கும் எடையையும் நிலையாக வைத்துக்கொண்டு, முதலில் அரவையை மட்டும் நகர்த்துங்கள். புளிப்பாக இருந்தால் நுணுக்குங்கள். கசந்து வாயை உலர்த்தினால் கொஞ்சம் பெரிதாக்குங்கள். சுவை சரியாக அமைந்தபிறகு, இன்னும் அடர்த்தி வேண்டுமானால் இறக்கும் எடையை மூன்று நான்கு கிராம் குறைத்துவிட்டு, அரவையை மறுபடி ஒரு படி நுணுக்கிப் பாருங்கள். கடைசியில் நிலைத்த எண்களைப் பாக்கெட்டின் மேலேயே எழுதி வைத்தால், அதே கொட்டையை அடுத்தமுறை வாங்கும்போது முதல் ஷாட்டே குடிக்கும்படி இறங்கும்.